இன்போர்டு இன்ஜினில் தண்ணீர் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜின் அறையின் மூடியைத் தூக்கியதும் அடியில் தண்ணீர் பளபளக்கிறது. கை உடனே ஸ்பேனரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். அது என்ன தண்ணீர், எந்த நேரத்தில் வருகிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடாமல் இருந்தால் பாதி வேலை மிச்சம். படகுக்குள்ளேயே பொருத்திய இன்போர்டு டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெட்ரோல் இன்ஜினுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் அங்கே மூடியைத் திறந்து, ப்ளோயரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பெட்ரோல் ஆவி வெளியேறிய பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும்.

பில்ஜில் தண்ணீர் நிற்கிறது. இன்ஜினிலிருந்து வந்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகின் அடியில் சேரும் தண்ணீர் பல இடங்களிலிருந்து வரலாம்: வெளியே இருக்கும் கடல்நீர், இன்ஜினுக்குள் சுற்றும் கூலண்ட், மேல்தளத்திலிருந்து இறங்கிய மழை, படகிலுள்ள நன்னீர்த் தொட்டி. நான் செய்வது இதுதான். சுத்தமான தகர மூடி ஒன்றில் நாலு சொட்டு விட்டு வெயிலில் காயவைப்பேன். வெள்ளைத் துகள்கள் நின்றால் கடல்நீர். பச்சை, சிவப்பு என்று நிறத்தோடு பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் கூலண்ட். மூடி சுத்தமாகக் காய்ந்துவிட்டால் மழையோ தொட்டியோதான்.

நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலின் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். ஏரியிலும் ஆற்றிலும் ஓடும் படகுகளுக்கு உப்புச் சோதனை உதவாது. அங்கே அடுத்த கேள்விக்கான பதிலைத்தான் நம்ப வேண்டும்.

எப்போது ஒழுகுகிறது என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. தண்ணீர் போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். படகின் அடியில் ஒரு துளை, அதில் சீகாக் எனப்படும் வால்வு. அங்கிருந்து ஹோஸ் வழியாக வடிகட்டிக்கும், அதன்பின் இம்பெல்லர் எனப்படும் ரப்பர் சுழலி உள்ள கடல்நீர்ப் பம்புக்கும் வருகிறது. பம்பு அதை ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் தள்ளுகிறது. கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ எனப்படும் புகைக்குழாய் வளைவில் புகையோடு கலந்து படகின் பின்பக்கம் வெளியேறுகிறது. இது ஒரு பாதை. இன்ஜின் பிளாக்குக்குள் கூலண்ட் சுற்றிவருவது தனிப் பாதை. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் இரண்டும் மெல்லிய குழாய்ச் சுவரின் இரு பக்கங்களில் ஓடும், கலக்காது. சில பழைய இன்ஜின்களில் இந்த இரண்டாவது பாதையே கிடையாது. கடல்நீரே பிளாக்குக்குள் போய்வரும்.

இன்ஜின் ஓடாதபோதே தண்ணீர் ஏறினால், நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவைமேல்தான் சந்தேகம் போகவேண்டும். ஓடும்போது மட்டும் ஒழுகினால் பம்புக்கு அப்பால், அழுத்தம் ஏறும் இடங்களில் தேடுங்கள். ஓடி நிறுத்திய அரைமணி நேரத்தில் கூலண்ட் சொட்டினால், சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும் இணைப்புகளில் ஏதோ ஒன்று. ஹோஸ் முனை, தெர்மோஸ்டாட் மூடி, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பக்க மூடியிலுள்ள ஓ-ரிங் என்று வரிசையாகப் பாருங்கள்.

படகு கட்டியே கிடக்கிறது. ஆனாலும் தினமும் தண்ணீர் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பில்ஜைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். சீகாக்கை மூடிவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் காய்ந்திருந்தால் சீகாக்குக்கும் பம்புக்கும் நடுவில் ஏதோ ஒழுகுகிறது. ஹோஸ், கிளாம்ப், வடிகட்டி மூடியின் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். மூடிய பிறகும் ஏறினால் ஷாஃப்ட் கிளாண்ட் (ப்ரொப்பெல்லர் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது), சுக்கான் தண்டின் கிளாண்ட், படகின் துளையில் பதித்திருக்கும் பொருத்து, அல்லது படகின் அடிப்பாகமே காரணம்.

இந்த வகை ஒழுகலைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயந்து பார்ப்பேன். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கும் 25 மி.மீ. துளை முழுதாகத் திறந்துகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். யாரும் இல்லாத படகு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் அதன் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டை ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேடும் நேரத்தில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பொருத்து என்ன உலோகம் என்பதையும் பாருங்கள். சாதாரணப் பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைக் கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். மிஞ்சுவது உறுதியில்லாத, பஞ்சு போன்ற செம்பு. கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்தப் பொருத்தின் காலம் முடிந்தது, படகைக் கரையேற்றி மாற்ற வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலமோ, கடலுக்கென்றே செய்த பிளாஸ்டிக்கோதான் இருக்க வேண்டும்.

ஷாஃப்ட் கிளாண்டில் சொட்டுவது இயல்புதானே?

பேக்கிங் கயிறு வைத்த பழைய வகை கிளாண்ட் என்றால், ஆம். ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு விழவேண்டும். அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. ஷாஃப்ட் நின்றபின் சொட்டு நிற்க வேண்டும், அல்லது எப்போதாவது ஒன்று விழலாம். அதற்குமேல் போனால் இறுக்குங்கள்.

இறுக்குவதில்தான் தவறு நடக்கிறது. இரண்டு நட்டுகளையும் சமமாக, ஒரு தடவைக்கு ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். சில நிமிடம் கியரில் ஓட்டுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு கிளாண்டின்மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள். சொட்டே வரக்கூடாது என்று முறுக்கினால் பேக்கிங் கருகும், ஷாஃப்டில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாஃப்டில் எத்தனை புதிய பேக்கிங் வைத்தாலும் பயனில்லை.

இறுக்க இடமே இல்லாமல் போனால் பேக்கிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழைய வளையங்கள் அத்தனையையும் வெளியே எடுங்கள், அவற்றின் மேலேயே புதியதைத் திணிக்க வேண்டாம். புதிய வளையங்களைச் சுற்றிவைக்கும்போது ஒன்றின் வெட்டு அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் வைத்துச் செய்வதே நிம்மதி. கிளாண்டைப் பிடித்திருக்கும் தடித்த ரப்பர் ஹோஸையும் அப்போதே வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

என் படகில் சொட்டாத வகை சீல். ஆனாலும் ஈரம் இருக்கிறதே?

கார்பன் வளையம் உலோக வளையத்தோடு உரசும் வகை என்றால் ஈரமே இருக்கக்கூடாது. கரும்பொடி கலந்த தெறிப்பு தெரிந்தால் உரசும் முகங்கள் கெட்டிருக்கலாம், அல்லது மடிப்பு ரப்பரின் அழுத்தம் குறைந்திருக்கலாம். படகைப் புதிதாக நீரில் இறக்கியதும் ரப்பரைக் கையால் அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ரப்பருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் முடிந்துவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அது கிழிந்தால் சொட்டாக வராது, மளமளவென்று கொட்டும்.

இன்ஜின் ஓடும்போது எல்லா இடமும் நனைந்துவிடுகிறது. எங்கிருந்து என்றே தெரியவில்லை.

முதலில் பெல்ட்டைப் பாருங்கள். ஒரே ஒரு சொட்டு சுழலும் பெல்ட்டின்மேலோ புல்லியின்மேலோ விழுந்தால் போதும், அது இன்ஜின் அறை முழுவதும் விசிறிவிடும். இரு பக்கச் சுவரிலும், மேல் மூடியின் அடியிலும் ஒரே நேர்க்கோட்டில் உப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெல்ட்டின் வேலைதான். ஒழுகும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும்.

இன்ஜினை நன்னீரால் கழுவித் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இணைப்புகளின்மேல் சாக்பீஸ் பொடியோ முகப்பவுடரோ மெல்லத் தூவுங்கள். அடியில் காகிதம் விரியுங்கள். மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு டார்ச்சோடு குனியுங்கள். வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் நீங்கள் தேடும் இடம். தண்ணீர் கீழே விழும் இடத்தை நம்பாதீர்கள். குழாயின் அடிப்பக்கமாகவே ஒரு முழம் ஊர்ந்துபோய், தாழ்ந்த போல்ட் தலை ஒன்றிலிருந்து சொட்டும். இன்ஜின் ஓடும்போது எட்டிப் பார்க்க நேர்ந்தால் தொளதொள சட்டை, துண்டு, கைக்கடிகாரம் எதுவும் உடலில் இருக்கக்கூடாது.

கடல்நீர்ப் பம்பின் அடியில் சொட்டுகிறது. அதில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறது. அடைத்துவிடலாமா?

அடைக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பம்பின் ஷாஃப்டில் இரண்டு சீல்கள் இருக்கும். இம்பெல்லர் பக்கம் இருப்பது தண்ணீரைத் தடுக்கும், இன்ஜின் பக்கம் இருப்பது ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி, அதன் அடியில்தான் அந்தத் துளை. எந்த சீல் போனது என்று உங்களுக்குச் சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல், ஆயில் சொட்டினால் ஆயில் சீல். துளையை அடைத்தால் ஒழுகல் நிற்காது, திசை மாறும். ஷாஃப்ட் வழியாக ஆயில் சீலைத் தாண்டி இன்ஜினுக்குள்ளேயே போகும்.

நான் பார்த்த ஒரு படகில் யாரோ அந்தத் துளையில் பசை வைத்து நேர்த்தியாக மூடியிருந்தார்கள். வெளியே ஒரு சொட்டு இல்லை. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் பால் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் வழிந்தது. சின்ன சீல் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினை முழுவதும் பிரிப்பதில் போய் முடிந்தது. அன்றிலிருந்து எந்தப் படகில் ஏறினாலும் முதல் வேலையாக அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டு, உப்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

சீல் புதிதாகப் போட்டேன். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது.

ஷாஃப்டைக் கழற்றி, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது, ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் ஆடும்வரை எந்த சீலும் நிற்காது. சீலின் உதடும் ஸ்பிரிங்கும் தண்ணீரைப் பார்த்து இருக்கின்றனவா என்றும் பாருங்கள். திருப்பிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முன்பக்க மூடித்தகடு ஒழுகினால் பெரும்பாலும் காகித கேஸ்கெட்தான் காரணம். தடித்த கேஸ்கெட்டோ, அள்ளி அப்பிய சிலிக்கானோ வேண்டாம். இம்பெல்லருக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடினால் பம்பின் இழுவை குறையும். பிதுங்கிய சிலிக்கான் துண்டு உள்ளே போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாயை அடைக்கும்.

ஹோஸில் ஒழுகல் தெரிகிறது. கிளாம்பை இறுக்கினால் போதுமா?

சில சமயம் போதும். ஆனால் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுநொறுவென்றாலும் மெத்தென்றாலும் அதன் ஆயுள் முடிந்தது. கிளாம்பின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருந்தும் திருகு மட்டும் மட்டமான இரும்பாக இருப்பதுண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே 316 ரக எஃகுக் கிளாம்ப் போடுங்கள். பொருத்தின் நீளம் இடம் கொடுத்தால் இரண்டு போடுங்கள். பொருத்து குட்டையாக இருந்து இரண்டாவது கிளாம்ப் அதன் விளிம்புக்கு வெளியே உட்கார்ந்தால், அது ஹோஸை அறுத்துவிடும்.

எக்ஸாஸ்ட் எல்போவில் துருக்கோடும் ஈரமும் தெரிகிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கொதிக்கும் புகையும் உப்புநீரும் அங்கேதான் சந்திக்கின்றன. அதனால் எல்போ உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே ஊசிமுனைத் துளை தெரியும்போது உள்ளே சுவர் காகிதமாகியிருக்கும். ஹோஸைக் கழற்றி, உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மாற்றுங்கள், பசை பூசி ஒப்பேற்ற வேண்டாம்.

தண்ணீரைவிடப் பெரிய கவலை புகை. தண்ணீர் வெளியேறும் துளை வழியாக கார்பன் மோனாக்சைடும் வெளியேறும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ஆளைக் கொல்லும். ஈரத்தோடு கரிக்கறையும் சேர்ந்து தெரிந்தால், சரிசெய்யும்வரை அந்தப் படகின் அறைக்குள் யாரும் தூங்கக்கூடாது. உறங்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

இன்ஜினுக்கு மேலே வளைந்து போகும் ஹோஸின் உச்சியில் உப்புப் படிந்திருக்கிறது. அது என்ன?

ஆன்டி-சைஃபன் வால்வு. எல்போ நீர்மட்டத்துக்குக் கீழேயோ அதையொட்டியோ இருக்கும் படகுகளில், இன்ஜினை நிறுத்தியபின் கடல்நீர் தானாகவே இழுபட்டு எக்ஸாஸ்டுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். உப்பு படிந்தால் வால்வு சரியாக மூடாமல் தெறிக்கும், அல்லது திறக்காமலே ஒட்டிக்கொள்ளும். தெறிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்டதோ வெளியே எதையும் காட்டாமல் இன்ஜினுக்குள் தண்ணீரை விட்டுவிடும். கழற்றி வெந்நீரில் அலசி, ரப்பர் நாக்கு அசைகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது. வெளியே ஒரு சொட்டும் காணோம்.

தொட்டியை விளிம்புவரை நிரப்புகிறீர்களா? சூட்டில் விரியும்போது மிகுந்ததை அதுவே வெளியே தள்ளிவிடும். சரியான மட்டத்துக்குக் கீழே இறங்காதவரை கவலையில்லை.

தொடர்ந்து இறங்கினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள்குழாய் ஓட்டையாகியிருக்கலாம். ஓடும்போது கூலண்டின் அழுத்தம் பொதுவாகக் கடல்நீரைவிட அதிகம் என்பதால், கூலண்ட் எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போய்விடும். சோதிக்க, இன்ஜின் ஆறியபின் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் கடல்நீர் ஹோஸ்கள் இரண்டையும் கழற்றி வடியவிடுங்கள். கூலண்ட் தொட்டியின் வாயில் கைப்பம்புச் சோதனைக் கருவியை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிக் கால்மணி நேரம் விடுங்கள். கடல்நீர் வாயில் நிறத்தோடு சொட்டு எட்டிப் பார்த்தால் ஓட்டை அங்கேதான். அங்கே காய்ந்திருந்தும் முள் இறங்கினால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்மேல் சந்தேகம் திரும்பும். இன்ஜின் ஓடும்போது தொட்டியில் விடாமல் குமிழி வருவதும், எக்ஸாஸ்டில் வெண்புகை வருவதும் அதற்குச் சாட்சி. சூடான இன்ஜினில் அந்த மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். ஆவி முகத்தில் அடிக்கும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திருகியிருக்கும், மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் குச்சியை மறந்துவிடுவதால்தான் பல ஓட்டைகள் விழுகின்றன. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

ஆயில் பால் நிறமாகிவிட்டது. என்ன செய்வது?

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது வெறும் ஆவிப்படிவு. கொஞ்ச நேரமே ஓட்டி நிறுத்தும் இன்ஜினில் சகஜம்.

டிப்ஸ்டிக்கிலேயே பால் நிறம் என்றால் இன்ஜினை மறுபடி ஓட்டாதீர்கள். கடல்நீர் பம்பு சீல் வழியாகவோ, ஆயில் கூலர் வழியாகவோ, எக்ஸாஸ்ட் வழியாகவோ வந்திருக்கலாம். கூலண்ட் என்றால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். வழியை அடைத்தபின் ஆயிலை முழுதாக உறிஞ்சி எடுத்து, ஃபில்டரை மாற்றி, புதிய ஆயிலில் சில நிமிடம் மெதுவாக ஓட்டி மறுபடி எடுங்கள். நிறம் தெளியும்வரை மூன்று நான்கு முறைகூட ஆகலாம். உப்புநீர் கலந்த ஆயில் இன்ஜினுக்குள் ஓர் இரவுகூட இருக்கக்கூடாது, பேரிங்குகளும் கிராங்க்ஷாஃப்டும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கியர் ஆயில் மட்டும் பால் நிறமானால் கியர் ஆயில் கூலரைப் பாருங்கள்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று நின்றுவிடுகிறது. பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றுங்கள், இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விடுங்கள். அன்றைக்கே ஓடவைக்க வேண்டும்.

இது பெரும்பாலும், கிளம்பாத இன்ஜினை நெடுநேரம் செல்ஃப் அடிப்பதால் வருகிறது. ஒவ்வொரு முறையும் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, அதை வெளியே ஊதப் புகையின் வேகம் இல்லை, எக்ஸாஸ்ட் தண்ணீர் தங்கும் வாட்டர்லாக் பெட்டி நிரம்பிப் பின்னோக்கி ஏறுகிறது. இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பாவிட்டால் சீகாக்கை மூடிவிட்டு முயலுங்கள். கிளம்பிய நொடியே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இம்பெல்லர் கருகிவிடும்.

கரையிலிருந்து வெகுதூரம். ஒழுகல் கூடிவிட்டது. அப்போதைக்கு என்ன செய்யலாம்?

கடல்நீர்ப் பாதை என்றால் இன்ஜினை நிறுத்தி சீகாக்கை மூடுங்கள். மூச்சு விட நேரம் கிடைக்கும். ஹோஸ் வெடிப்புக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே ரப்பர் துண்டு வைத்து இரண்டு கிளாம்ப் போடுங்கள். மெதுவான வேகத்தில் கரைவரை தாங்கும். ஷாஃப்ட் கிளாண்ட் ஹோஸ் கிழிந்தால், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஷாஃப்டை நிறுத்திவிட்டுத் துணியும் கயிறும் கொண்டு இறுகச் சுற்றுங்கள்.

பில்ஜ் பம்பு தோற்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறினால், இன்ஜினையே பம்பாக்கலாம். சீகாக்கை மூடி, அதிலிருந்து ஹோஸைக் கழற்றி, முனையில் சல்லடை வைத்துப் பில்ஜ் தண்ணீருக்குள் விட்டு இன்ஜினை ஓட்டுங்கள். கடலுக்குப் பதிலாகப் பில்ஜிலிருந்து உறிஞ்சி எக்ஸாஸ்ட் வழியே வெளியேற்றும். ஒருவர் அந்த ஹோஸ் முனையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். முனை காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் இன்ஜினை நிறுத்துங்கள்.